தாமான் வீட்டுக் குளியலறையில் குரோம், கறுப்பு, தங்க நிறம்: உலோக மெருகுகளைக் கலக்க முழுமையான வழிகாட்டி

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கையில் வீட்டுக்குச் சாயம் அடிக்கத் தொடங்கினால், குளியலறையையும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று தோன்றும். ஒழுகும் பைப்பு கழலும். இணையக் கடையிலிருந்து கறுப்பு ஷவர் வரும். ஈப்போவுக்குப் போனபோது கண்ணில் பட்ட தங்க நிறத் துண்டுக் கம்பியும் கூடவே வரும். எல்லாம் பொருத்தி முடித்துக் கதவைத் திறந்து பார்த்தால் ஏதோ இடிக்கும். எது என்று சொல்லத் தெரியாது.

பெரும்பாலும் இடிப்பது தங்கமும் கறுப்பும் சேர்ந்ததால் வருவதில்லை. பழைய குரோம் ஹோஸ், மஞ்சள் கதவுக் குமிழ், வெள்ளி நிற அலுமினிய ஜன்னல் என்று ஏற்கெனவே அங்கே இருந்தவற்றை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. புதிதாக இரண்டு நிறம் வாங்கியதாக நினைப்பீர்கள். சுவரில் ஐந்து நிறம் இருக்கும். ஆகவே இந்த வேலை கடையில் தொடங்கக் கூடாது. குளியலறைக் கதவில் தொடங்க வேண்டும்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணத்துத் தாமான் (வீடமைப்புப் பகுதி) வீடுகளை மனத்தில் வைத்தே கீழே எழுதியிருக்கிறோம்: ஏறத்தாழ 5 அடிக்கு 7 அடி அறை, குளிப்பதும் கழிப்பதும் ஒரே இடத்தில், கண்ணாடித் தடுப்பு கிடையாது, வாளியும் உண்டு ஷவரும் உண்டு, தினமும் நான்கு சுவரும் நனையும். வெளிநாட்டு இதழ்களில் பார்க்கும் உலர்ந்த குளியலறைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசமே பாதி முடிவுகளைத் தீர்மானிக்கிறது.

படி 1: எண்ணிப் பாருங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொண்டு கதவிலிருந்து வலமாக வாருங்கள். கதவில் பூட்டுக் குமிழ், கீல்கள், கொண்டி: 3. பேசினில் குழாய், நீர் வடியும் வாயின் (வடிவாய்) மூடி, அடியில் போட்டல் டிராப் (கழிவுநீர் இறங்கும் குப்பி வடிவ வடிகால்), ஆங்கிள் வால்வு (சுவரில் தண்ணீரை மூடித் திறக்கும் சிறு வால்வு), வளையும் ஹோஸ்: 5. கழிப்பிடத்தில் இன்னொரு ஆங்கிள் வால்வு, தொட்டிக்குப் போகும் ஹோஸ், ஃபிளஷ் பொத்தான், கழுவும் கை ஸ்பிரே, அதன் ஹோஸ், அதன் கொக்கி: 6. குளிக்கும் மூலையில் ஹீட்டருக்குப் போகும் வால்வு, ஷவர் கம்பி, ஷவர் தலை, ஹோஸ், வாளிப் பைப்பு: 5. தரையில் தண்ணீர் வடியும் டிராப்பின் மூடி: 1. சுவரில் துண்டுக் கம்பி, சட்டைக் கொக்கி, சோப்புத் தட்டு, தாள் சுருள் பிடி, கண்ணாடிச் சட்டம்: 5. ஜன்னல் அலுமினியம்: 1.

கூட்டினால் 26. இவ்வளவு சிறிய அறையில் 26 உலோகப் பொருள்களா என்று வியப்பாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் இப்போதைய நிறத்தையும், "மாறும்", "மாறாது", "கண்ணில் படாது" என்ற மூன்றில் ஒன்றையும் எழுதுங்கள். ஜன்னல், கீல் இரண்டும் அனேகமாக "மாறாது" பட்டியலில் விழும். ஹீட்டரும் அப்படித்தான். அது வெள்ளைப் பெட்டி, அதோடு வந்த ஹோஸும் கைப்பிடி ஷவரும் குரோம் முலாம் பூசிய பிளாஸ்டிக். பேசினுக்குக் கீழே அலமாரி இருந்தால் அங்குள்ள வால்வும் டிராப்பும் கண்ணில் படாது, அவற்றை விட்டுவிடலாம். அலமாரி இல்லாமல் சுவரில் தொங்கும் பேசின் என்றால் போட்டல் டிராப்தான் அந்த மூலையிலேயே பெரிய உலோகப் பொருள். அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

படி 2: ஒன்று தலை, ஒன்று துணை

மெருகு என்பது உலோகத்தின் மேல் தெரியும் நிறமும் பளபளப்பும். இந்த அளவு அறைக்கு இரண்டு மெருகு போதும். மூன்றாவது வேண்டும் என்று மனம் துடித்தால் அதை வரவேற்பறையில் காட்டுங்கள்.

தலைமை மெருகு நான்கில் மூன்று பங்கு, துணை மெருகு கால் பங்கு என்பது நல்ல கணக்கு. 26 பொருள் என்றால் 20-க்கு 6. பாதிக்குப் பாதி வைத்தால் எது முடிவு, எது கிடைத்ததை மாட்டியது என்று பார்ப்பவருக்குப் புரியாது. அதைவிட மோசம் 25-க்கு 1. தனியாக ஒரே ஒரு தங்கக் குழாய் இருந்தால், பழையது உடைந்து கடையில் இருந்ததை வாங்கி மாட்டியது போலத்தான் தெரியும். துணை மெருகு குறைந்தது மூன்று இடத்தில், வெவ்வேறு உயரத்தில் தலைகாட்ட வேண்டும்.

தலைமை மெருகு எது என்பதை "மாறாது" பட்டியல் சொல்லும். ஜன்னல் வெள்ளி நிற அலுமினியம், ஹீட்டர் ஹோஸ் குரோம், கீல் எவர்சில்வர் என்றால் தலைமை வெள்ளிக் குடும்பம்தான். எதிர்த்து நிற்பது வீண் செலவு. ஜன்னல் பழுப்புச் சாயம் பூசியதாக இருந்தால் கறுப்பையோ தங்கத்தையோ தலைமையாக்க இடம் உண்டு.

படி 3: நிறத்தின் அடிச்சாயலும் பளபளப்பும்

கடைக்காரர் "சில்வர்" என்று ஒரே சொல்லில் முடிப்பதில் நாலைந்து வகை உண்டு. குரோம் குழாய் ஒன்றையும் நிக்கல் மெருகுக் குழாய் ஒன்றையும் வெள்ளைத் தாள் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குரோமில் மெல்லிய நீலம் ஓடும். நிக்கலில் தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) நுரையின் மஞ்சள் ஓடும். தனித்தனியாகப் பார்த்தபோது இரண்டும் வெள்ளியாகத்தான் தெரிந்தன; பக்கத்தில் வைத்ததும் குரோம் குளிர்ந்துபோகிறது, நிக்கல் அழுக்கேறியது போல ஆகிறது. இந்த வேலையில் மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான்: ஒத்துப்போகிற மாதிரி இருந்து, ஒத்துப்போகாத இரண்டு.

குரோம், கண்ணாடிப் பளபளப்பு எவர்சில்வர், கன்மெட்டல் (கருஞ்சாம்பல் மெருகு) ஆகியவை குளிர்ச் சாயல். நிக்கல், பித்தளை, தங்க நிறம், ரோஸ் கோல்டு, செம்பு, வெண்கலம் ஆகியவை வெதுவெதுப்புச் சாயல். மேட் கறுப்பு இரண்டு பக்கமும் சேரும், அதனால்தான் எல்லோரும் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

பளபளப்பிலும் மூன்று உண்டு: முகம் தெரியும் பளபளப்பு, தலைமுடி போன்ற நுண்கோடு போட்ட மங்கல், வெளிச்சமே திரும்பாத மேட். நிறத்தை மாற்றினால் பளபளப்பை மாற்றாதீர்கள். நுண்கோடு போட்ட எவர்சில்வரோடு நுண்கோடு போட்ட தங்கம் சேரும். பளபள குரோமோடு பளபள பித்தளை சேரும்; பழைய பங்களா பாணியில் அழகாகவும் இருக்கும். பளபள குரோமோடு நுண்கோட்டுத் தங்கம் வைத்தால் இரண்டில் ஒன்று போலி போலத் தெரியும். கறுப்புக்கு மட்டும் இந்த விதியிலிருந்து விலக்கு.

சேராதவற்றில் முக்கியமானவை: நுண்கோட்டு நிக்கலும் நுண்கோட்டு எவர்சில்வரும், தங்கமும் ரோஸ் கோல்டும், கறுப்பும் அடர்பழுப்பு வெண்கலமும், வெவ்வேறு கம்பெனிகளின் இரண்டு "தங்கம்". கடைசியாகச் சொன்னதை அழுத்திச் சொல்ல வேண்டும். தங்க நிறத்துக்கு எல்லா ஆலைக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒன்று எலுமிச்சைப் பக்கம் சாயும், இன்னொன்று தேன் பக்கம் சாயும். தங்கம் என்று முடிவெடுத்தால் எல்லாத் தங்கமும் ஒரே கம்பெனி, ஒரே வரிசை, முடிந்தால் ஒரே நாளில் வாங்கியதாக இருக்கட்டும். குரோமில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. எந்தக் கடைக் குரோமும் எந்தக் கடைக் குரோமோடும் பெரும்பாலும் ஒத்துப்போகும்.

விளக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளை வெளேர் என்று எரியும் 6500 கெல்வின் எல்இடி நம் வீடுகளில் அதிகம். அதன் கீழே தங்கம் வெளிறிப் பச்சை தட்டும். 3000 கெல்வின் மஞ்சள் விளக்கில் குரோம்கூட லேசாக மஞ்சளிக்கும். தங்கம் வைப்பதானால் 4000 கெல்வின் விளக்குக்கு மாறுவது, விலை கூடிய குழாய் வாங்குவதைவிட அதிகப் பலன் தரும்.

படி 4: யார் எங்கே உட்காருவது

ஒன்றையொன்று தொடும் பொருள்கள் ஒரே மெருகில் இருக்க வேண்டும். ஷவர் தலை, கம்பி, ஹோஸ் ஒரு கூட்டம். கை ஸ்பிரே, ஹோஸ், கொக்கி, ஆங்கிள் வால்வு இன்னொரு கூட்டம். பேசின் குழாயும் வடிவாய் மூடியும் மூன்றாவது. கூட்டத்தை உடைக்காமல், கூட்டத்துக்குக் கூட்டம் நிறம் மாற்றலாம். கறுப்புப் பைப்பு பொருத்தி, சுவரோடு ஒட்டும் வட்டத் தட்டை மட்டும் குரோமிலேயே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. பைப்பை வாங்கும்போதே பெட்டியைத் திறந்து அந்தத் தட்டு என்ன நிறம் என்று பாருங்கள்.

பிரிக்க எளிய வழி, தண்ணீர் ஓடுவது எல்லாம் ஒரு மெருகு, தண்ணீர் ஓடாதது இன்னொன்று என்பது. எங்கும் நனையும் அறைக்கு இது நிறத்துக்கு மட்டுமன்றி ஆயுளுக்கும் நல்லது. நொய்ந்த மெருகு உலர்ந்த இடத்தில் உட்காரும்.

வெள்ளி நிற ஜன்னல், வெள்ளை ஹீட்டர், சாம்பல் ஓடு உள்ள ஒரு வீட்டுக்குக் கணக்குப் போடுவோம். தலைமை குரோம். கறுப்புக்கு ஆறு இடம்: கண்ணாடிச் சட்டம், துண்டுக் கம்பி, சட்டைக் கொக்கி, தாள் சுருள் பிடி, கதவுக் குமிழ், கொண்டி. சோப்புத் தட்டைக் கறுப்பில் வாங்க ஆசை வரும், வேண்டாம். சோப்புக் கறை வெள்ளையாகப் படிந்து மூன்றாம் நாளே சுண்ணாம்பு அடித்தது போல ஆகும். தரை டிராப் மூடியும் வேண்டாம். தினமும் கால் மிதிக்கும், வாரம் ஒருமுறை முள் பிரஷ் தேய்க்கும். ஓரத்துக் கறுப்பு முதலில் உரியும் இடம் அது.

தங்கம் வேண்டும் என்பவர்களுக்கு: தலைமை நுண்கோட்டு எவர்சில்வர். பேசின் குழாய், வடிவாய் மூடி, கண்ணாடிச் சட்டம், துண்டுக் கம்பி, கொக்கி ஆகிய ஐந்தும் தங்கம். தொங்கும் பேசினாக இருந்தால் போட்டல் டிராப் ஆறாவது தங்கம். குளிக்கும் மூலைக்குத் தங்கம் போகாமல் இருப்பதே மேல்.

ஹீட்டரைப் பற்றி இங்கேயே ஒரு வார்த்தை. அதன் குரோம் ஹோஸைக் கழற்றிவிட்டுக் கறுப்பு ஹோஸ் போடலாம். அரை அங்குல மரை (திருகுப் புரி) தான், 1.5 மீட்டர் நீளம் போதும். ஷவர் தலையை மாற்றுவதில்தான் எச்சரிக்கை வேண்டும். பம்ப் இல்லாத உடனடி ஹீட்டர் குறைந்த அழுத்தத்தில் ஓடுவது. துளை குறைந்த கனமான ஷவர் தலை போட்டால் ஓட்டம் குறைந்து ஹீட்டர் எரியவே எரியாது, அல்லது தண்ணீர் அளவுக்கு மீறிச் சுடும். ஹீட்டரின் வெளிவாயில் அழகுக்காக மூடும் வால்வு எதையும் இணைக்காதீர்கள். இந்த வகை ஹீட்டரின் வெளிவாய் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும்.

படி 5: நிறத்துக்கு அடியில் என்ன உலோகம்

இரண்டாண்டு கழித்து உங்கள் கலவை அழகாக இருக்குமா என்பது இங்கேதான் முடிவாகிறது. குரோமும் கறுப்பும் திட்டமிட்டு வைத்தவர் வீட்டில், குரோம் கொப்பளித்து, கறுப்பு சாம்பலாகி, கொக்கி துருவேறினால் ஐந்து நிறம் மறுபடி வந்துவிடும்.

குழாய்களில் நல்லது பித்தளை உடல். பித்தளைமேல் நிக்கல், அதன்மேல் குரோம் என்று மின்முலாம் பூசுவார்கள். மேலே உள்ள குரோம் படலம் ஒரு மைக்ரோமீட்டரில் கால் பங்கு அளவுதான். பளபளப்பையும் கடினத்தையும் அது தருகிறது. ஈரத்திலிருந்து உலோகத்தைக் காப்பது அடியில் உள்ள நிக்கல். விலை குறைந்த குழாயில் அந்த நிக்கலைத்தான் மெலிதாக்குவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

மலிவுக் குழாய்கள் துத்தநாகக் கலவை. முலாமில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால்கூட உள்ளே துத்தநாகம் அரித்து வெள்ளைப் பொடியாகிப் பூச்சை மேலே தள்ளும். பார்க்க அம்மைக் கொப்புளம் போல இருக்கும். தேய்த்தாலும் போகாது, மாற்றுவது தவிர வழியில்லை. கண்டுபிடிக்க எளிய வழி, குழாயைக் கவிழ்த்து மரையின் உட்புறத்தைப் பார்ப்பது. அங்கே முலாம் ஏறியிருக்காது. மஞ்சளாக இருந்தால் பித்தளை, சாம்பலாக இருந்தால் துத்தநாகம். கையில் எடுத்தாலே கனத்திலும் தெரியும். ஒரே அளவுக்குப் பித்தளை ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அதிகம் கனக்கும்.

எவர்சில்வரில் 304 என்ற எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 18 விழுக்காடு குரோமியம், 8 விழுக்காடு நிக்கல் கலந்தது அது. 201 என்பது நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் ஏற்றியது. ஈரக் குளியலறையில் பழுப்புப் புள்ளி விழும். காந்தம் வைத்துப் பார்த்தால் போதும் என்று சொல்வார்கள், அது பாதி உண்மை. காந்தம் நன்றாக ஒட்டினால் 430 வகை மலிவு உருக்கு என்று பெரும்பாலும் சொல்லலாம். ஒட்டாவிட்டால் அது 304-ஆக இருக்கலாம், 201-ஆகவும் இருக்கலாம். இரண்டிலும் காந்தம் சரியாக ஒட்டாது. வளைத்து உருவாக்கிய இடத்தில் நல்ல 304-கூட லேசாக ஒட்டும். மாங்கனீஸ் சோதனைத் திரவம் வைத்திருக்கும் கடையில் "தவுக்கே (முதலாளி), ஒரு சொட்டு போட்டுக் காட்டுங்க" என்று கேட்கலாம். ஒன்பது வோல்ட் பேட்டரியைத் தொட்டதும் துளி நன்கு சிவந்தால் 201. உப்புக்காற்று வீசும் லூமுட், பங்கோர் பக்கம் என்றால் மாலிப்டினம் கலந்த 316 தேவைப்படும். கடலிலிருந்து தள்ளி இருக்கும் நமக்கு 304 தாராளம்.

தங்க நிறத்தில் ஏமாற்று அதிகம். வெற்றிடக் கலத்தில் டைட்டானியம் நைட்ரைடு அல்லது சிர்கோனியம் நைட்ரைடு படலம் ஏற்றும் பிவிடி முறையில் செய்தது கடினமானது, சாதாரணத் தேய்ப்பில் போகாது. இன்னொரு வகை, குரோம்மேல் மஞ்சள் வார்னிஷ் பூசியது. பெட்டியில் பிவிடி என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். நகத்தால் ஓரத்தைக் கீறினால் பிசின் போல வழுக்கும் உணர்வு வந்தால் வார்னிஷ். வார்னிஷ் தங்கத்தை எப்போதும் கைபடும் குழாய்க்கு வாங்காதீர்கள். கண்ணாடிச் சட்டத்துக்கு ஓடும்.

கறுப்பில் பவுடர் பூச்சு 60 முதல் 80 மைக்ரோமீட்டர் வரை தடிப்பாக இருக்கும். இடித்தால் ஓரத்தில் சில்லாக உடையும். பிவிடி கறுப்பு மெலிது, ஆனால் உடையாது. அடிக்கடி திருப்பும் கைப்பிடிக்குப் பிவிடி, தொங்கும் கம்பிக்குப் பவுடர் என்று பிரித்துக்கொண்டால் செலவும் அடங்கும்.

தண்ணீர் ஓடும் பொருள்களில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2006-ஆம் ஆண்டு நீர் சேவைத் தொழில் சட்டத்தின் கீழ் இவற்றை ஒழுங்குபடுத்துவது ஸ்பான் எனும் தேசிய நீர் சேவை ஆணையம். குழாய், வால்வு, ஹோஸ் வாங்கும்போது ஸ்பான் அங்கீகாரக் குறியைத் தேடுங்கள். இணையத்தில் பெயர் தெரியாத கடையில் வாங்கும் கறுப்புக் குழாய்களில் இது இல்லாமல் போவதுண்டு. கொக்கிக்கும் கம்பிக்கும் இந்தக் குறி தேவையில்லை.

படி 6: அளந்து வாங்குதல்

வாங்கியபின் பொருந்தாமல், அவசரத்துக்குக் கிடைத்த நிறத்தை மாட்டுவதால்தான் பல திட்டங்கள் கெடுகின்றன. சுவர் மரை பெரும்பாலும் அரை அங்குலம். பேசின் குழாய்த் துளை 35 மில்லிமீட்டர். சுவரில் பொருத்தும் சூடு, குளிர் கலவைக் குழாயின் இரு வாய்களுக்கும் இடைவெளி 150 மில்லிமீட்டர். வடிவாய் 32 மில்லிமீட்டர். பேசினின் மேல்விளிம்புக்குக் கீழே வழிநீர்த் துளை இருந்தால் பக்கத்தில் பிளவு உள்ள வடிவாய், இல்லையென்றால் பிளவு இல்லாதது. மாற்றி வாங்கினால் ஒன்று தேங்கும், மற்றொன்று ஒழுகும். கதவுக் குமிழுக்குக் கதவு ஓரத்திலிருந்து துளை நடு வரை அளக்க வேண்டும். 60 அல்லது 70 மில்லிமீட்டர் வரும். சுவருக்குள் புதைந்த கலவைக் குழாய் இருந்தால் வெளித்தட்டை மட்டும் வேறு கம்பெனியில் வாங்கி மாற்ற முடியாது.

முழுப் பட்டியலையும் ஒரேயடியாக வாங்காதீர்கள். தலைமையில் ஒன்று, துணையில் ஒன்று என இரண்டு பொருள் மட்டும் வாங்கிக் குளியலறை ஓட்டின் மேல் பசைநாடாவால் ஒட்டி, தண்ணீர் தெளித்து, விளக்கைப் போட்டும் அணைத்தும் கதவருகே நின்று பாருங்கள். ஓர் இரவு, ஒரு காலை. பிடித்திருந்தால் மீதியை வாங்குங்கள்.

படி 7: பொருத்துதல்

மீட்டர் அருகே உள்ள வால்வை மூடி, கீழ்ப்பைப்பைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். பழைய குழாயைக் கழற்றியதும் புதியதை உடனே மாட்டாமல் அரை நிமிடம் தண்ணீரைத் திறந்து வாளியில் விடுங்கள். தண்ணீர்த் தடைக்குப் பிறகு வரும் பழுப்பு மண்ணும் பழைய டேப்புத் துணுக்கும் வெளியேறாவிட்டால் புதுக் குழாயின் வலையில் போய் அடைக்கும்.

கசிவைத் தடுக்க மரையில் சுற்றும் வெள்ளை டேப்பை, மரை உங்களைப் பார்க்கும்படி பிடித்து வலஞ்சுழியாகப் பத்துச் சுற்றுச் சுற்றுங்கள். எதிர்த் திசையில் சுற்றினால் திருகும்போதே உரிந்துவரும். கையால் முடிந்தமட்டும் திருகிவிட்டு, கடைசிக் கால் திருப்பத்துக்கு மட்டும் ஸ்பேனர். ஸ்பேனரின் பல் கறுப்பையும் தங்கத்தையும் ஒரே பிடியில் கீறிவிடும். பழைய சைக்கிள் டியூப்பை ஒரு சாண் அளவு வெட்டிக் குழாயின் அறுகோணத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி அதன்மேல் ஸ்பேனரைப் போடுங்கள். துணியைவிட ரப்பர் நன்றாகப் பிடிக்கும், வழுக்காது. சுவரில் இருப்பது பித்தளை உறை இல்லாத பிளாஸ்டிக் மரை என்றால் இறுக்குவதில் நிதானம் வேண்டும். வெடித்தால் சுவர் ஓடுகளை உடைக்க வேண்டிவரும். பழைய வீட்டில் இரும்புப் பைப்பு இருந்தால் பித்தளைக் குழாய் சேரும் மரையில் இரும்பு சீக்கிரம் அரிக்கும். அந்த இணைப்பில் துரு வடிந்தால் குற்றம் புதுக் குழாயுடையது என்று நினைக்க வேண்டாம்.

ஓட்டில் துளை போட இடத்தில் பசைநாடா ஒட்டிக் குறியிட்டு, 6 மில்லிமீட்டர் ஓட்டு முனையால், சுத்தியல் அசைவை அணைத்துவிட்டு மெதுவாக. ஓடு துளைபட்டபின்தான் சுத்தியல் அசைவு. குழாய்க்கும் வால்வுக்கும் நேர் மேலேயும் கீழேயும் துளை போடாதீர்கள், சுவருக்குள் பைப்பு அந்த வழியாகத்தான் ஏறியிருக்கும். துண்டுக் கம்பி தரையிலிருந்து 1200 மில்லிமீட்டர், தாள் சுருள் பிடி 650 முதல் 700, கொக்கி 1700 என்ற உயரம் பலருக்கும் ஒத்துவரும்.

கொக்கியோடு வரும் திருகாணிகளைத் தூக்கிப் போடுங்கள். அவை பெரும்பாலும் முலாம் பூசிய சாதா இரும்பு. நல்ல 304 கொக்கிக்கு அடியிலிருந்து பழுப்புக் கோடு வழிந்தால் துருப்பிடித்தது கொக்கியாக இருக்காது, உள்ளே இருக்கும் திருகாணிதான். தனியாக எவர்சில்வர் திருகாணி வாங்குங்கள், சில காசுதான் ஆகும். துளைக்குள் சிறிது சிலிகான் வைத்து இறுக்குங்கள். உலரும்போது காடி வாடை வீசும் சிலிகான் அசிட்டிக் அமிலத்தை வெளியேற்றும், உலோகத்தை அரிக்கும். உலோகத்துக்கு அருகில் வாடையில்லாத நடுநிலை வகையைப் பயன்படுத்துங்கள்.

படி 8: கழுவுவதும், கெட்டால் காரணமும்

நம் வீட்டில் உலோகம் துலக்கப் புளி உண்டு. குத்துவிளக்குக்கு அது சரி. அங்கே பூச்சில்லாத பித்தளையைத்தான் தேய்க்கிறோம், கறுத்த மேல்படலம் கரைந்து புதுப் பித்தளை தெரிகிறது. தங்க நிறக் குழாயில் தெரிவது பித்தளை அன்று, பூச்சு. அதில் புளியோ எலுமிச்சையோ தேய்த்தால் தேய்வது பூச்சுதான். பாத்திரச் சோப்பு இரண்டு சொட்டு, மெல்லிய துணி, பிறகு உலர்ந்த துணி. பச்சை நார் எந்த மெருகுக்கும் ஆகாது.

உண்மையான எதிரி கழிப்பறைத் திரவம். அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருந்தால் குழாயில் படவே வேண்டியதில்லை. ஊற்றி வைத்து, ஜன்னலையும் கதவையும் மூடிவிட்டுப் போனால் அதன் ஆவியே எவர்சில்வரில் ஊசிமுனைத் துருவை எழுப்பிவிடும். தரை டிராப் மூடி ஒரே வாரத்தில் பழுத்துவிட்டது என்றால் முதலில் அந்தப் புட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். தோட்டத்தில் ரப்பர் பால் உறைய வைக்கும் பார்மிக் அமிலத்தை ஓடு தேய்க்கக் கொண்டுவரும் யோசனையும் வேண்டாம். அமிலத்தையும் பிளீச்சையும் எந்தக் காரணத்துக்காகவும் ஒன்றாக ஊற்றாதீர்கள். குளோரின் வாயு எழும், இவ்வளவு சிறிய அறையில் அது உயிருக்கே ஆபத்து.

கறுப்பு சாம்பலானதாகத் தெரிந்தால் உடனே பூச்சு போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். பெரும்பாலும் அது காய்ந்த சோப்பும் தண்ணீரின் உப்பும்தான். ஈரத் துணியை இருபது நிமிடம் சுற்றி வைத்துத் துடையுங்கள். துணி விலகியபின் கறுப்பு திரும்பினால் படிவு, திரும்பாவிட்டால் தேய்வு. கிணற்று நீரோ மலைநீரோ பயன்படுத்தும் வீடுகளில் இரும்புச் சத்து குரோம்மேல் செம்பழுப்பாகப் படியும். அது துரு போலவே இருக்கும். வெந்நீரில் நனைத்த துணியால் தேய்க்கப் போய்விடுகிறது என்றால் தண்ணீரின் கறை. குழாயோ வடிவாயோ பேசினோடு சேரும் இடத்தில் பச்சை பூத்தால் பித்தளை நனைந்துகொண்டே இருக்கிறது, உள்ளே மெல்லிய கசிவு. மெருகைப் பற்றிக் கவலைப்படும் முன் வாஷரை மாற்றுங்கள்.

எல்லாம் மாட்டி முடிந்ததும் பெட்டிகளின் மேல் உள்ள மாடல் எண்ணையும் நிறக் குறியீட்டையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அத்தனையிலும் முதலில் பழுதாவது கை ஸ்பிரேயின் ஹோஸ். முறுக்கி முறுக்கித் தொங்கவிடும் இடத்தில் மேலுறை வெடித்துவிடும். அன்றைக்குப் பார்த்துப் பட்டணத்துக் கடையில் வெள்ளை மட்டும்தான் இருக்கும். அதே நிறத்தில் 1.2 மீட்டர் ஹோஸ் ஒன்றைப் பேசின் அடி அலமாரியில் இப்போதே போட்டுவையுங்கள்.